டப்பாவின் ஜனவரி

அவள் தேநீர்க் கோப்பையோடு மூன்றாவது மாடிக்கு ஏறி வருவதற்குள் டப்பா வந்துவிட்டிருந்தது.

“இன்னைக்கும் முந்திக்கிட்டான், அக்கா,” என்றார் ஆன்டெனாக்காரர், ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் விலக்கி. “நேத்து நாலு விநாடி. இன்னைக்கு ஆறு.”

அவர் அவளைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஆனாலும் அந்தக் கட்டடத்தில் வாசல் காவலாளி தொடங்கி முக்கால்வாசிப் பேருக்கு அவள் அக்காதான். அவள் பதிலுக்கு அவரை அண்ணே என்பாள். யார் மூத்தவர் என்று வெளியாள் யாராவது கேட்டால் குழம்பித்தான் போவார். கோப்பையை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, சக்கரம் கழன்ற நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒலிபெருக்கியில் டப்பாவின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. குரல் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை; பூச்சி ஒன்று விட்டுவிட்டுக் கத்துவதுபோல ஒரு கீச்சு. மொட்டைமாடியில் ஆன்டெனா அந்தக் கீச்சைத் தொடர்ந்து மெல்லக் கழுத்தைத் திருப்பிக்கொண்டே போய்த் தொடுவானத்தில் நின்றது. கீச்சு தேய்ந்து அடங்கியது. அவள் தேநீரை எடுத்துக் குடித்தபோது ஆறிப்போயிருந்தது.

டப்பாவுக்கு முறையான பெயர் ஒன்று உண்டு. அது ஒரே மூச்சில் சொல்ல முடியாத பெயர் என்பதால் அறிக்கைகளில் மட்டும் வரும். செருப்புப் பெட்டி அளவில் ஒரு செயற்கைக்கோள், இரண்டு பக்கமும் விரித்த பலகைகள், அடியில் ஒரு கேமரா. பிப்ரவரியில் ஒரே ராக்கெட்டில் இரண்டு டப்பாக்கள் போயின. ஒன்று இவர்களுடையது. மற்றது வேறு ஏதோ தேசத்துக் கல்லூரிப் பிள்ளைகளுடையது. பார்வைக்கு அச்சு அசலாக இதேபோன்றது. அதை இவர்கள் ‘பங்காளி’ என்றார்கள். இரண்டிலும் உயரம் ஏற்றும் எஞ்சின் கிடையாது. வைத்த இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, ஒருநாள் எரிந்து போவதுதான் இரண்டுக்கும் விதி.

சீக்கிரம் வருவது கெட்ட செய்தி. இந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். காற்று தடுத்தால் எதுவும் மெதுவாகும், தாமதமாகும் என்றுதானே நினைப்போம். மேலே கதை வேறு. அத்தனை உயரத்தில் காற்று இருக்கிறது என்று சொல்வதே கொஞ்சம் மிகைதான். ஆனாலும் இருக்கிற துளியூண்டு காற்றில் டப்பா அசுர வேகத்தில் மோதிக்கொண்டே ஓடுவதால், ஒவ்வொரு சுற்றிலும் உயரத்தில் ஒரு பொட்டு குறைகிறது. இறங்க இறங்க அதன் வட்டம் சிறிதாகிறது, வேகம் கூடுகிறது. ஆகவே காற்று அடர்ந்தால் டப்பா போட்ட கணக்கைவிடச் சீக்கிரம் வரும், மெலிந்தால் தாமதமாக வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை மண்டையில் ஏற்றிக்கொள்ள அவளுக்கு ஒரு வருடம் பிடித்தது. இப்போது வீட்டில் கணவர் சொன்ன நேரத்துக்கு முன்னால் வந்து நின்றாலும் ஏதோ கெட்ட செய்தி என்றே தோன்றுகிறது.

அவளுடைய வேலை, டப்பாவும் இன்னும் சில பழைய பொருள்களும் எப்போது எங்கே வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது. அந்தக் கணக்கில் காற்றின் தடைக்கென்று ஒரு எண் உண்டு. அதைத் ‘திருகு’ என்பார்கள். கணக்குப்படி வர வேண்டிய நேரமும் உண்மையில் வந்த நேரமும் ஒட்டவில்லையா, திருகைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பு, அல்லது இடப்பக்கம் திருப்பு, ஒட்டிவிடும். திங்கட்கிழமைதோறும் திருப்புவார்கள். ஒட்டியதும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அந்தப் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து இதுதான் வழக்கம். அவளும் பத்தொன்பது வருடம் வாயை மூடிக்கொண்டு திருப்பினாள். சென்ற வருடம்தான் ஒருநாள், செத்துப்போய் மேலே சுற்றிக்கொண்டிருக்கும் பழைய ராக்கெட் துண்டு ஒன்றுக்குத் திருப்பும்போது, கை தானாக வலப்பக்கம் போவதைக் கவனித்தாள். அக்டோபர் என்றால் வலப்பக்கம்தான் என்று கைக்கு எப்படித் தெரியும்? பழைய வருடங்களின் திருகுகளையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரைந்து பார்த்தாள். ஏப்ரலில் மேடு, ஜூலையில் பள்ளம், அக்டோபரில் மேடு, ஜனவரியில் பள்ளம். வருடத்துக்கு இரண்டு முறை மேலே உள்ள காற்று உப்புகிறது, இரண்டு முறை வற்றுகிறது. இது உலகத்துக்குத் தெரியாத சங்கதி இல்லை, புத்தகங்களில் இருக்கிறது. ஆனால் இவர்கள் பிரிவில் அதை வாரா வாரம் திருகிக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்கள், அவளும் சேர்ந்துதான்.

ஏன் உப்புகிறது என்று இன்றுவரை யாருக்கும் முழுதாகத் தெரியாது. ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். எவ்வளவு உப்புகிறது, எவ்வளவு வற்றுகிறது என்பதிலும் சண்டை இருக்கிறது. பழைய ராக்கெட் துண்டுகளின் எடை எவ்வளவு, எப்படிப் புரண்டுகொண்டு போகின்றன என்று யாருக்குத் தெரியும்? டப்பா அப்படி இல்லை. அதன் எடை கிராம் கணக்கில் தெரியும். அகலம் தெரியும். எந்தப் பக்கம் காட்டிக்கொண்டு பறக்கிறது என்பதும் தெரியும். ஏப்ரல் மேட்டை அது பார்த்துவிட்டது, ஜூலைப் பள்ளத்தையும் பார்த்துவிட்டது, இப்போது, செப்டம்பர் கடைசியில், அக்டோபர் மேட்டை ஏறத் தொடங்கியிருக்கிறது. ஜனவரியையும் பார்த்துவிட்டால் ஒரே பொருள், ஒரே ஓட்டத்தில், ஒரு முழு வருடத்தை அளந்து தந்ததாகும். மேலே பறக்கிற ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்கள் எப்போது ஒன்றுக்கொன்று விலக வேண்டும், எது எங்கே விழும் என்று சொல்கிறவர்கள் எல்லோரும் இந்தக் காற்றின் கணக்கைத்தான் நம்பி இருக்கிறார்கள். இத்தனை காலம் மற்றவர்கள் கேட்ட கேள்விக்கே கணக்குப் போட்டவள் அவள். இது அவளே கேட்ட கேள்வி. ஜனவரி இல்லாமல் அது கால் உடைந்த நாற்காலி மாதிரி. யாரையும் உட்காரச் சொல்ல முடியாது.

ஆனால் டப்பா ஆறு விநாடி முந்திவிட்டது. அவள் அங்கேயே உட்கார்ந்து கணக்கை ஓட்டிப் பார்த்தாள். இன்றைய நிலையில் விட்டால் நவம்பர் கடைசியைத் தாண்டாது.

பிரிவு முழுவதும் மே மாதம் வரை என்று நம்பிக்கொண்டிருந்தது. ஜூலையில் போட்ட கணக்கு அது. வழக்கம்போலக் கடைசி இரண்டு மாதத் திருகை எடுத்து, அதையே நீட்டி, “மே வரைக்கும் கவலை இல்லை” என்று எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். ஜூலை என்பது வருடத்திலேயே காற்று மிக மெலிந்த மாதம். வற்றிய ஆற்றைப் பார்த்துவிட்டு, இது எப்போதும் முழங்கால் அளவுதான் என்று மறுகரையில் வீடு கட்டினதுபோல.

மறுநாள் காலையில் கூட்டத்தைக் கூட்டச் சொன்னாள். தலைவர் வந்தார். நல்ல மனிதர். எதைச் சொன்னாலும் “சராசரியா எவ்வளவு?” என்று கேட்பதால் அவருக்குச் ‘சராசரி’ என்றே பெயர், அது அவருக்கும் தெரியும். படக்காரரும் வந்தார். டப்பாவின் கேமரா அவருடையது. ஐம்பத்தைந்து வயதில், பல வருடம் நடையாய் நடந்து, ஒருவழியாக மேலே அனுப்பிய கேமரா. அவளை எப்போதும் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அவளுடைய கல்யாணத்துக்கு அண்ணன் முறையில் வந்து நின்று வேலை செய்தவர்.

அவள் மேடு பள்ளங்களைத் திரையில் காட்டினாள். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“சரிம்மா. சராசரியா எவ்வளவு நாள் தாங்கும்?”

“சராசரியாப் பாத்தா அடுத்த வருஷம் வரைக்கும் தாங்கும் சார். ஆனா டப்பா சராசரியில பறக்கல. அக்டோபர்ல பறக்கப் போகுது.”

படக்காரர் சிரித்தார். “போன வாரம் சூரியன்ல ஏதோ கொந்தளிப்புன்னு சொன்னாங்களே தங்கச்சி. அதுக்கும் காத்து உப்பும்னு நீதானே சொன்னே? அது அடங்கினா இதுவும் அடங்கிடும்.”

“சூரியனோட பங்கைக் கழிச்சுட்டேன் அண்ணே. அப்புறமும் மிச்சம் நிக்குது. பழைய துண்டு ஒவ்வொண்ணுலயும் வருஷா வருஷம் நிக்குது.”

“அப்ப என்ன செய்யணும்ங்கறே?”

அவள் முந்தின இரவு முழுவதும் இந்த இடத்தைத்தான் மனத்துக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வழி இல்லை.

“டப்பாவைத் திருப்பணும். இப்ப அகலமான பக்கத்தைக் காத்துக்குக் காட்டிக்கிட்டுப் போகுது. கத்தி மாதிரி விளிம்பைக் காட்ட வச்சா, தடை மூணுல ஒரு பங்காயிடும். ஜனவரி வரைக்கும் நிக்கும்.”

விளிம்பைக் காட்டினால் பலகைகளுக்கு வெயில் போதாது, கேமரா பூமியைப் பார்க்காமல் பக்கவாட்டில் வெறும் இருட்டைப் பார்க்கும் என்பது அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

“வெயில் இல்லேன்னா லென்ஸ் ஹீட்டரை நிறுத்தணும்,” என்றார் படக்காரர். “நிறுத்தினா குளிர்ல லென்ஸ் விரிசல் விட்டுடும். அப்புறம் டப்பாவைத் திருப்பினாலும் கேமரா திரும்பி வராது, மேடம்.”

அவரோடு பழகிய பதினைந்து வருடத்தில் முதல் ‘மேடம்’ அது. அவளுக்குச் சுருக்கென்றது. தலைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ரெண்டு பேரும் பேசி, ஒரு முடிவோட வாங்க” என்று எழுந்தார். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் போய் நிற்பது அவருக்குக் கைவந்த கலை.

வீட்டில் கணவர் ஏசி ரிப்பேர் கருவிகளைப் பையிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேலை ஓய்ந்த காலம் அது. வெயில் காலத்தில் அவரை வீட்டில் பார்ப்பதே அபூர்வம். நாத்தனார் தையல் மெஷினில் யாருடைய சட்டைக்கோ கை பொருத்திக்கொண்டிருந்தாள். கணவருக்கு அக்கா, கடையும் அந்த முன்னறைதான். அவள் தலை நிமிராமலே கேட்டாள்.

“என்னம்மா, மூஞ்சி தொங்குது? உன் டப்பா விழுந்துடுச்சா?”

“இன்னும் இல்ல அண்ணி.”

“விழுந்தா யார் தலையிலயாவது விழுமா?”

“எரிஞ்சு போயிடும். சாம்பல்கூடக் கீழ வராது.”

“எப்படியும் எரியப் போறதுக்கா இத்தனை பாடு?” என்று நாத்தனார் நூலைப் பல்லால் கடித்தாள். “அது இன்னைக்கு எரிஞ்சா என்ன, பொங்கல் கழிச்சு எரிஞ்சா என்ன?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் பக்கத்திலேயே நின்றது. படக்காரர் மேடம் என்று சொன்னதைச் சொன்னாள். கணவர் துடைப்பதை நிறுத்தினார்.

“அந்த மனுஷன் பாவம்,” என்றார். “சரி, நீ சொல்றது தப்பா இருந்தா?”

“தப்பு இல்ல.”

“ஏன் உப்புதுன்னே தெரியாதுங்கறே.”

“ஏன்னு தெரியாது. உப்பும்னு தெரியும்.”

“அப்ப போய்க் கேளு. நாளைக்கும் கேளு. குடுக்கற வரைக்கும் கேளு. எங்கிட்ட ஒரு காரியம் ஆகணும்னா நீ எப்படிக் கேப்பியோ அப்படி,” என்றார். நாத்தனார் மெஷினை நிறுத்திவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

கேட்கத்தான் போனாள். படக்காரரின் அறை தரைத்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில். சுவரில் ஓர் ஆற்று முகத்துவாரத்தின் படங்கள் மாதவாரியாக ஒட்டியிருந்தன, மே முதல் செப்டம்பர் வரை. கடலும் ஆறும் சேரும் இடத்தில் ஒரு மணல்திட்டு. மே மாதத்தில் இடப்பக்கம் ஒட்டிக் கிடந்தது, மாதம் மாதமாக வால் நீண்டு, செப்டம்பரில் பாதி வாயை அடைத்திருந்தது. அந்தக் கரையில் படகு விடுகிறவர்களுக்கு எந்த மாதம் எந்த வழி திறக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்கு அவருக்கும் ஒரு முழு வருடம் வேண்டும். அவள் அதை நின்று பார்த்தாள். வருத்தமாக இருந்தது. ஆனாலும் வந்த விஷயத்தைக் கேட்காமல் அவள் திரும்பவில்லை.

“நீங்க கேக்கறது என் கண்ணை மூடச் சொல்லி,” என்றார் அவர்.

“ஆமா அண்ணே. அதைத்தான் கேக்கறேன்.”

அவர் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் மறுநாளும் போனாள். அன்றைக்கு எட்டு விநாடி. அதற்கு மறுநாள் பதினொன்று. தேநீர் வேளையில் இரண்டு கோப்பைகளோடு இறங்கிப் போவாள், ஒன்றை அவர் மேசையில் வைப்பாள், அன்றைய எண்ணைச் சொல்வாள், உட்காருவாள். அவர் தேநீரைக் குடிப்பார், எண்ணைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டார். ஆன்டெனாக்காரர் மேலேயிருந்து, “என்ன அக்கா, இன்னைக்காவது சாமி கண் தொறந்துச்சா?” என்பார். “மூடணும் அண்ணே, அதுதான் கஷ்டம்” என்பாள் அவள்.

ஒருநாள் அவரே பேச்சை எடுத்தார்.

“திருப்பாம விட்டா எனக்கு அக்டோபர், நவம்பர் ரெண்டு மாசப் படம் கிடைக்கும். உங்க கணக்கு தப்பா இருந்தா வருஷமே கிடைக்கும். அதை விட்டுக் குடுக்கலேன்னா நான் கெட்டவனா, மேடம்?”

“இல்ல அண்ணே. ஆனா உங்க ஆறு அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருக்கும். வேற கேமரா போகும். இந்த மாதிரி எடை தெரிஞ்சு, அகலம் தெரிஞ்சு, இந்த உயரத்துல ஒழுங்கா விழுந்துகிட்டே நமக்குக் கணக்குச் சொல்ற பொருள் இது ஒண்ணுதான். பங்காளியோட அளவெல்லாம் அவங்க நமக்குத் தரல. இதை விட்டா ஜனவரி போச்சு.”

“வேற கேமரா போகும்,” என்றார் அவர். “அப்ப நான் வேலையில இருக்கணுமே.”

ஆறுதலுக்குப் பொய்யாக ஒன்றைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. கோப்பைகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் நின்று, “நாளைக்கும் வருவேன் அண்ணே” என்றாள்.

மறுநாள் அவள் இறங்கிப் போவதற்குள் அவரே கட்டளை அறையில் உட்கார்ந்திருந்தார். டப்பாவைத் திருப்பும் கட்டளைகளை எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கேமராவை ஆற்றின் பக்கம் சரியாகக் காட்டுவதற்காக அவர் எழுதிய மென்பொருள் அது. அதே மென்பொருளைக் கொண்டு இப்போது கேமராவை ஆற்றிலிருந்து திருப்ப வேண்டும். ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை சரிபார்த்தார். கடைசியாக ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன் என்றார். எடுத்தார். முகத்துவாரம் முழுக்க மேகம். மணல்திட்டு எங்கே என்றே தெரியவில்லை. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஹீட்டரை நிறுத்தும் கட்டளையை அனுப்பினார். மேகப் படத்தையும் அச்செடுத்து, சுவரில் செப்டம்பருக்குப் பக்கத்தில் ஒட்டினார். அவள் நன்றி என்று சொல்லவில்லை. அந்தச் சொல் அந்த இடத்தில் சின்னதாக இருந்திருக்கும்.

டப்பா கத்தியாகப் பறந்தது. அக்டோபர் மேடு அவள் வரைந்ததைவிடச் செங்குத்தாகவே வந்தது. விளிம்பைக் காட்டியும் டப்பா இறங்கிக்கொண்டுதான் இருந்தது. தினமும் முந்தி வந்தது, ஆனால் தாங்கக்கூடிய அளவுக்கு முந்தி. திருகை அவள் இப்போது குப்பையில் போடவில்லை. அதுதான் அவளுடைய அறுவடை. தலைவர் ஒருநாள் மேலே வந்து கோட்டைப் பார்த்துவிட்டு, “சராசரி”வரை வாய் திறந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் போகுது” என்று மாற்றிக்கொண்டார். படிக்கட்டில் எதிர்ப்பட்டால் படக்காரர் வழிவிட்டு நிற்பார். “காலை வணக்கம் மேடம்” என்பார். அந்த மரியாதை அவளுக்குத் தினமும் ஓர் அடிபோல விழுந்தது. வேண்டுமென்றுதான் செய்கிறாரோ என்று ஒருநாள் கோபம்கூட வந்தது. ஆனாலும் தேநீரோடு கீழே போவதை அவள் நிறுத்தவில்லை. எண்ணைச் சொல்வாள், உட்காருவாள், எழுந்து வருவாள்.

நவம்பர் முடியும் தறுவாயில் பங்காளி விழுந்தது. அந்தக் கல்லூரிப் பிள்ளைகள் கடைசி நாள்வரை அகலமான பக்கத்தைக் காட்டியே ஓட்டியிருந்தார்கள். அவர்களுடைய கணக்கிலும் மே மாதம் என்றுதான் இருந்திருக்கும். வெளி ரேடார்க்காரர்கள் போடும் பட்டியலில் அதன் வரிக்கு நேராக ‘எரிந்தது’ என்று வந்தது. ஆன்டெனாக்காரர் அதை உரக்கப் படித்துவிட்டு, “ஜெயிச்சுட்டீங்க அக்கா” என்றார். அவளுக்கு ஜெயித்தது மாதிரி இல்லை. முன்பின் பார்த்திராத அந்தப் பிள்ளைகளின் முகங்களை நினைத்துக்கொண்டாள். அன்றைக்குத் தேநீர் கொண்டுபோனபோது படக்காரர் அந்தப் பட்டியலைத் திறந்து வைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் மூடிவிட்டார். “உட்காருங்க மேடம்” என்றார். ‘உட்காருங்க’ என்பது மட்டும் புதிது.

டிசம்பரில் முந்துவது குறைந்தது. பிறகு ஜனவரி முதல் வாரத்தில், பார்த்துப் பார்த்து வளர்த்த பிள்ளை பரீட்சைக்குப் போகும் நேரத்தில் காய்ச்சல் வந்தாற்போல, ஆன்டெனாவின் மோட்டார் எரிந்துபோனது. புது மோட்டார் எங்கிருந்தோ வர வேண்டும். வரும்வரை காது கேளாமல் இருந்தார்கள். வெளிப் பட்டியலிலும் டப்பாவின் வரி புதுப்பிக்கப்படவில்லை. அந்தப் பொடிப்பொருளை அவர்களும் தவறவிட்டுவிட்டார்களா, அல்லது பார்ப்பதற்கு ஒன்றும் இல்லையா என்று தெரியவில்லை. வீட்டில் நாத்தனார், “என்னம்மா, டப்பா?” என்று தொடங்கிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து, தட்டில் இன்னொரு கரண்டி சாப்பாடு வைத்துவிட்டுப் போனாள். அவள் டிசம்பர்த் திருகை வைத்து, டப்பா எப்போது வரும் என்று ஒரு கணக்குப் போட்டாள். டிசம்பர்க் காற்றே நீடித்தால் அந்த நேரத்துக்கு வரும். அடர்ந்திருந்தால் முந்தி வரும், அல்லது விழுந்திருக்கும். அவள் சொன்ன பள்ளம் உண்மையாக இருந்தால், தாமதமாக வரும்.

மோட்டார் பொருத்தி முடித்த அன்று மதியம் வெயில் நன்றாக அடித்தது. ஆன்டெனாக்காரர் வெகுநேரம் முன்பாகவே ஆன்டெனாவை டப்பா எழும் பக்கம் காட்டி, ஹெட்போனோடு உட்கார்ந்துவிட்டார். முந்தி வந்தால் தவறிவிடக் கூடாதல்லவா. படிக்கட்டில் காலடி கேட்டது. படக்காரர். முட்டி வலிக்காரர், மூன்று மாடி அவர் ஏறி வந்து யாரும் பார்த்ததில்லை. கையில் இரண்டு கோப்பைத் தேநீர், பாதி தட்டில் சிந்தியிருந்தது. ஒன்றை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, ஜன்னல் ஓரமாக நின்றார்.

ஒலிபெருக்கியில் வெறும் இரைச்சல். முந்தி வரவில்லை. சுவர்க் கடிகாரத்தில் கணக்குப்படியான நேரம் வந்தது. வந்து, தாண்டியது.

“வரல,” என்றார் ஆன்டெனாக்காரர் மெதுவாக.

இனி இரண்டே வழிதான். தாமதமாக வர வேண்டும், அல்லது வராமலே போக வேண்டும். ஆயுளில் இத்தனை ஆசையோடு அவள் எதையும் கேட்டதில்லை. வாய்விட்டுக் கேட்கவும் வெட்கமாக இல்லை. “வாடா,” என்றாள்.

“வேற பக்கம் திருப்பித் தேடட்டுமா அக்கா? ஒருவேளை நாம பாக்கற இடம் தப்பா...”

“வேண்டாம் அண்ணே. அங்கேயே நிக்கட்டும்.”

“ரொம்ப நேரமாச்சு அக்கா.”

“நிக்கட்டும்.”

இரைச்சல். மொட்டைமாடியில் ஆன்டெனா வெறும் தொடுவானத்தை முறைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. ஆன்டெனாக்காரர் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு சேர்த்து அழுத்தினார். படக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். அவள் எழுந்து நின்றாள்.

அப்புறம் அந்தப் பூச்சி கத்தியது.

முதலில் இரைச்சலுக்கு அடியில், இருக்கிறதா இல்லையா என்பதுபோல. பிறகு தெளிவாக. விட்டுவிட்டு, அவசரமே இல்லாமல். ஆன்டெனாக்காரர் மேசையை ஓங்கித் தட்டினார், தேநீர் கவிழ்ந்தது, யாரும் அதைத் துடைக்கவில்லை. புது மோட்டார் முனகிக்கொண்டு சுழலத் தொடங்கியது.

“எவ்வளவு லேட்டு, தங்கச்சி?” என்றார் படக்காரர். “சொல்லு, எவ்வளவு லேட்டா வந்துச்சு?”

அவளுக்குக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். பார்க்க முடியவில்லை, கண் நிறைந்து எண்கள் எல்லாம் கலங்கின. ஜன்னலுக்கு வெளியே ஆன்டெனா கழுத்தைத் திருப்பிக்கொண்டே மேலே, மேலே நிமிர்ந்தது. அது காட்டிய வெறும் நீலத்தையே மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.